மலையகப் பிள்ளைகளின் சீவி: சனிக்கிழமைகளில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஆளணிப் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். வந்து குவியும் விண்ணப்பங்களைத் திறந்து பார்த்து, நேர்முகத்துக்குக் கூப்பிட வேண்டியவர்களைப் பிரித்துக் கொடுப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. இப்போது ஹட்டனுக்கே திரும்பி வந்துவிட்டேன். சனிக்கிழமை காலைகளில் ஒரு வாசிகசாலையின் பின்னறையில் உட்கார்ந்து, வேலை தேடும் பிள்ளைகளின் சீவியைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன். பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை, தலவாக்கலை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். பஸ்ஸுக்குக் காசு செலவழித்து வர முடியாதவர்களுக்காக அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுயவிபரக்கோவை, சீவி, பயோடேட்டா எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்றுதான். ஆனால் கொமியூனிகேஷன் கடையில் பயோடேட்டா என்று அடித்துத் தருகிறார்களே, அதை எடுத்துப் பாருங்கள். முழுப்பெயர், பிறந்த திகதி, இனம், சமயம், தகப்பன் பெயர், பாடசாலை, பெறுபேறு, கடைசியில் "மேற்கூறிய யாவும் உண்மையென உறுதியளிக்கிறேன்". நீங்கள் யாருடைய பிள்ளை, எங்கே படித்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்களைக் கொண்டுபோய் ஒரு வேலையில் விட்டால் என்ன செய்வீர்கள் என்பது எங்கேயும் இருக்காது. சம்பளம் கொடுக்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியதோ அதுதான். அதைச் சொல்லும் தாளைத்தான் நான் சீவி என்கிறேன்.

எத்தனை பக்கம் இருக்க வேண்டும்?

இப்போதுதான் படிப்பு முடித்தவர்களுக்கு ஒரு பக்கம். சில வருடம் வேலை செய்தவர்களுக்கு இரண்டு. நான் வேலையில் இருந்தபோது ஒரே காலையில் நூற்றுக்கு மேல் திறந்த நாட்கள் உண்டு. ஒன்றுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. முதல் பக்கத்தின் மேல் பாதியில் கண் நிற்கும், அங்கே ஒன்றும் கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடும். அதனால் உங்களிடம் இருப்பதில் எது கனமானதோ அது மேல் பாதியில் இருக்கட்டும். தகப்பன் பெயரும் பொழுதுபோக்கும் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு அனுபவமே இல்லை. எழுத என்ன இருக்கிறது?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். எனக்கு மனது கஷ்டப்படும் கேள்வியும் இதுதான். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை ஒன்றும் செய்யாமல் இருபது வயது வரை இருந்திருக்கவே முடியாது. செய்ததெல்லாம் "வேலை" என்று அவர்களுக்குத் தோன்றாததுதான் பிரச்சினை.

நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்தார். உயர் தரம் கலைப்பிரிவு. கையில் வைத்திருந்த தாளில் "அனுபவம்: இல்லை" என்று தடித்த எழுத்தில் இருந்தது. "சரி, நேற்று காலையில் எழும்பினதிலிருந்து என்ன செய்தீங்க, சொல்லுங்க" என்றேன். "ஒன்னும் இல்ல மிஸ், சும்மாதான் வீட்ல இருந்தேன்" என்றார். பிறகு மெல்ல மெல்ல வந்தது. பின்னேரம் புலமைப்பரிசில் எழுதும் ஏழு பிள்ளைகளுக்கு வீட்டுக் காம்பராவில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். இரண்டு வருடமாகத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் அவரிடம்தான் இருக்கிறது, 64 குடும்பம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாருக்காவது சிங்களத்தில் கடிதம் வந்தால் வாசித்துச் சொல்வதும், வயசானவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் நர்ஸிடம் சிங்களத்தில் பேசுவதும் அவர்தான்.

நான் பேனையை எடுத்து அவர் சொன்னதையே எழுதினேன். "அனுபவம்: இல்லை" என்று இருந்த இடத்தில் இப்படி வந்தது:

"2022 முதல்: தோட்ட மரண உதவிச் சங்கம், கணக்குப் பொறுப்பு. 64 குடும்பங்களின் மாதச் சந்தாவை வாங்கி, பற்றுச்சீட்டு எழுதி, மாதந்தோறும் வரவு செலவைக் கூட்டத்தில் வாசித்து ஒப்பம் பெறுகிறேன்."

"2023 முதல்: தரம் 5 மாணவர் ஏழு பேருக்கு வீட்டில் மாலை வகுப்பு. கிழமைக்கு நான்கு நாள்."

"மொழி: தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசுவேன். வைத்தியசாலையில் நோயாளருக்காக இரு மொழியிலும் பேசி உதவிப் பழக்கம்."

இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சேர்க்கவில்லை. அவர் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தின் வரவேற்பு மேசை வேலைக்கு இதை அனுப்பினார். நேர்முகத்தில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "சந்தா தராமல் இழுத்தடிப்பவர்களிடம் எப்படிக் கேட்பீங்க?" என்பதாம். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

நீங்களும் உங்களையே இப்படிக் கேட்டுப் பாருங்கள். திருவிழாவுக்கு யார் கணக்கு வைத்தது? தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் உதவிக்கு நின்றீர்களா? லீவு நாளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தீர்களா? மாமாவின் கடையில் நின்றீர்களா? கிரிக்கெட் கழகத்துக்கு யார் ஆள் சேர்த்தது? ஒவ்வொன்றுக்கும் எப்போதிருந்து, எத்தனை பேர், எவ்வளவு என்று ஒரு எண் போட முயற்சி செய்யுங்கள். "பொறுப்புணர்வு மிக்கவர்" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். 64 குடும்பத்தின் காசைக் கையில் வைத்திருந்தவர் அதை எழுதத் தேவையே இல்லை.

தோட்டத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அதைப் போட்டால் மதிப்பு குறையாதா?

எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "டீ பெக்டரி தொழிலாளி, 3 வருடம்" என்று மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு ஒரு படமும் வராது. ஒரு தம்பி அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தார். பேச்சுக் கொடுத்தபோது வாட்டுவதிலிருந்து ரோலர், டிரையர், சலிப்பது வரை எல்லா இடத்திலும் நின்றிருக்கிறார் என்று தெரிந்தது. "நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு கிலோ தூள் வரணும் மிஸ், குறைஞ்சா எங்கயோ பிழைன்னு அர்த்தம்" என்று சாதாரணமாகச் சொன்னார். உற்பத்தித் துறையில் எந்த மேற்பார்வையாளரும் நிமிர்ந்து பார்க்கும் பேச்சு அது. எந்த இயந்திரம், எந்த நேர வேலை, கையின் கீழ் எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ ஓடியது என்று எழுதச் சொன்னேன். அவர் விண்ணப்பித்தது தேயிலையோடு தொடர்பே இல்லாத ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்கு. ஈரப்பதம், வெப்பம், நேரம், தரம் பிரிப்பு எல்லாம் அங்கேயும் உண்டுதானே.

தெரிந்த தொழிலுக்குச் சான்றிதழ் இல்லாதவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்களில் இருக்கிறது. வகுப்புக்குப் போய்ப் படித்தவர்களுக்கு மட்டுந்தான் அது கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே செய்து பழகிய தொழிலை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழியும் உண்டு, ஆர்.பி.எல். என்பார்கள். மேசன், வயரிங், சமையல், தையல், வாகனத் திருத்தம் என்று கையில் தொழில் இருப்பவர்கள் நைட்டா எனப்படும் தொழிற்பயிலுநர் பயிற்சி நிறுவனத்திலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ போய்க் கேளுங்கள். பத்து வருடமாகச் செய்த வேலை ஒரு தாளில் என்.வி.கியூ. மட்டமாகப் பதிவானால் சீவியில் அதற்கு ஒரு வரி போதும்.

தோட்டத்து விலாசம் போட்டால் கழித்துவிடுவார்களா?

எங்கேயும் அப்படி நடக்காது என்று சொன்னால் பொய். தோட்டப் பெயரைப் பார்த்ததும் முகம் மாறும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஊரை ஒளிக்காதீர்கள். வெள்ளவத்தையில் இருக்கும் சொந்தக்காரரின் விலாசத்தைப் போட்டுவிட்டு, நேர்முகத்தில் "எந்த பஸ்ஸில் வருவீங்க?" என்று கேட்டதும் தடுமாறியவர்கள் இருக்கிறார்கள். வேலை தருபவரின் உண்மையான கவலை, தூரத்திலிருந்து வரும் பிள்ளை எங்கே தங்கும், மாதத்தில் எத்தனை தரம் ஊருக்குப் போகும் என்பதுதான். அதற்குச் சீவியிலேயே பதில் சொல்லிவிடுங்கள். "நிரந்தர வதிவிடம் ஹட்டன். கொழும்பில் தங்க இட ஒழுங்கு உண்டு" என்று ஒரு வரி. ஒழுங்கு உண்மையாகவே இருந்தால் மட்டும்.

தனியார் வேலைக்கான சீவியில் லயத்து இலக்கம், டிவிஷன் எல்லாம் தேவையில்லை. ஊரும் மாவட்டமும் போதும். கடிதம் வரும் என்றால் மட்டும் முழு விலாசம் வேண்டும். அங்கேதான் நமக்குத் தனிப் பிரச்சினை. பல தோட்டங்களில் தபால் வீட்டுக்கு வராது, தோட்டக் கந்தோருக்குத்தான் வரும். எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு நேர்முகக் கடிதம் வந்தது. அது கந்தோர் மேசையில் பதினொரு நாள் கிடந்து, நேர்முகம் முடிந்து மூன்றாம் நாள் அப்பாவின் கையில் கிடைத்தது. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: டவுனில் நம்பிக்கையான கடை, பாடசாலை ஆசிரியர், கோயில் என்று எங்கேயாவது கேட்டுக்கொண்டு, அவர்களின் "மேற்பார்வை" என்று போட்டு அந்த விலாசத்தைக் கொடுங்கள். கிழமைக்கு ஒருமுறை போய்க் கேட்கவும் வேண்டும்.

என் பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. எதைப் போடுவது?

நம் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு உண்டு. எங்கள் அம்மா அப்பா காலத்தில் பிறப்பைப் பதிந்தவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது, காதில் விழுந்ததை எழுதினார்கள். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, சாதாரண தரச் சான்றிதழில் லட்சுமி. ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் இரண்டு வகை.

சீவியில் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள், ஓர் எழுத்தும் மாறாமல். வேலை கிடைத்தால் வங்கிக் கணக்கு, சேமலாப நிதி எல்லாம் அந்தப் பெயரில்தான் போகும். மின்னஞ்சலிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். வேறுபாடு இருக்கிறது என்றால் சமாதான நீதவான் ஒருவரிடம் போய் "இந்த மூன்று பெயரும் என்னையே குறிக்கும்" என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். அதைச் சீவியோடு அனுப்பத் தேவையில்லை. நேர்முகத்துக்குக் கொண்டுபோகும் பைலில் இருந்தால் போதும். நிரந்தரமாகத் திருத்த வேண்டுமானால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவுக்குப் போக வேண்டும். காலம் எடுக்கும் வேலை, ஆகவே வேலை தேடத் தொடங்கும் முன்பே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மண்சரிவிலும் லயத் தீயிலும் சான்றிதழ்களை இழந்த வீடுகள் நம்மிடையே நிறைய. பெறுபேற்றுச் சான்றிதழை இணையம் வழியாகவே பரீட்சைத் திணைக்களத்திடம் திரும்பப் பெறலாம். கிடைத்ததும் போனில் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். வீடு போனாலும் அது இருக்கும்.

சாதாரண தரத்தில் கணிதம் சித்தியில்லை. மறைக்கலாமா?

பொய் எழுதக் கூடாது. ஆனால் தோல்வியை முதல் வரியில் அறிவிக்க வேண்டும் என்றும் யாரும் கேட்கவில்லை. சித்தியடைந்த பாடங்களைத் தரத்தோடு எழுதுங்கள், திறமைச் சித்திகளை முன்னே போடுங்கள். விளம்பரத்தில் கணிதம் கட்டாயம் என்றிருந்தால் அங்கே அனுப்பிப் பயனில்லை. கட்டாயமில்லாத வேலைகள் நிறைய இருக்கின்றன. மறுபடி எழுதப் போகிறீர்கள் என்றால் "கணிதப் பாடத்துக்கு மீண்டும் தோற்றுகிறேன்" என்று வருடத்தோடு குறிப்பிடுங்கள். நான் திறந்த விண்ணப்பங்களில் அந்த வரியைப் பார்த்தபோதெல்லாம் அந்தப் பிள்ளையைத் தள்ளிவைக்க மனம் வரவில்லை.

புறக்கோட்டையில் மூன்று வருடம் கடையில் நின்றேன். சேவைக் கடிதம் தரமாட்டேன் என்கிறார்கள்.

கடிதம் இல்லாவிட்டாலும் வேலை செய்தது உண்மைதான். எழுதுங்கள். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்ன கடை, உங்கள் பொறுப்பு என்ன. துணிக்கடையில் நின்றவர் "விற்பனை உதவியாளர்" என்று நிறுத்திக்கொள்கிறார். மொத்த வியாபாரிகளுக்குப் பில் போட்டது, சரக்கு எண்ணியது, காலையில் கடை திறக்கும் சாவி அவரிடம் இருந்தது எல்லாம் விட்டுப்போகிறது. சாவி யாரிடம் இருந்தது என்பது பெரிய விஷயம்.

சம்பளத்தில் சேமலாப நிதிக்கு வெட்டினார்களா என்று பாருங்கள். உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அதற்கு மேலே நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். கட்டியிருந்தால் மத்திய வங்கியில் உள்ள உங்கள் கணக்கே நீங்கள் வேலை செய்ததற்குச் சாட்சி. வெட்டிவிட்டுக் கட்டவில்லை என்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம், அதற்குக் கொழும்பு போகத் தேவையில்லை, ஹட்டனிலும் தொழில் காரியாலயம் இருக்கிறது. முதலாளி கடிதம் தராவிட்டாலும் கூட வேலை செய்த மூத்தவர் ஒருவர் போனில் உங்களைப் பற்றிச் சொல்லத் தயாராக இருந்தால், அவரை உசாத்துணையாகப் போடுங்கள்.

சண்டை போட்டுத்தான் வெளியே வந்தீர்கள் என்றாலும் பழைய முதலாளியைப் பற்றி ஒரு குறையும் சீவியில் வேண்டாம்.

உசாத்துணைக்கு யாரை எழுதுவது? துரையைப் போடலாமா?

தோட்டத்து மானேஜர் துரைக்கு உங்களைத் தெரியுமா? தெரியாது என்றால் அவருடைய பெயரால் ஒரு பயனும் இல்லை. போன் போட்டு விசாரிப்பார்கள், "யார், தெரியாதே" என்று அவர் சொன்னால் எல்லாம் போச்சு. வகுப்பாசிரியர், பயிற்சி நிலைய போதனாசிரியர், முன்பு வேலை வாங்கியவர், உங்கள் வேலையைப் பார்த்த தோட்டத்து கிளார்க்கர், இப்படி இருவர் போதும். சொந்தக்காரர் வேண்டாம். பெயர் போடுமுன் அவர்களிடம் கேளுங்கள், அனுப்பிய பிறகு எந்த இடத்துக்கு அனுப்பினேன் என்றும் சொல்லிவையுங்கள்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில். கம்பனி வேலைகளுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஆங்கிலம் குறைவு என்றால் சின்னச் சின்ன வசனமாக, உங்களுக்கு வாசித்தால் விளங்கும் சொற்களில் எழுதுங்கள். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய பெரிய வசனத்தை நேர்முகத்தில் விளக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஏஐயைக் கொண்டு எழுதுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். எழுத்துப்பிழை பார்க்க அது நல்ல உதவி. உங்கள் கதையை அதற்குச் சொல்லாமல் "ஒரு சீவி எழுது" என்றால், பக்கத்து லயத்துப் பிள்ளைக்கும் உங்களுக்கும் ஒரே தாள்தான் வரும்.

மொழித் திறனை "தமிழ், சிங்களம், ஆங்கிலம்" என்று ஒரே வரியில் கொட்டாதீர்கள். பேசுவது, வாசிப்பது, எழுதுவது மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். மலையகப் பிள்ளைகள் பலருக்குச் சிங்களம் பேச நன்றாக வரும், எழுத அவ்வளவு வராது. அப்படியே எழுதலாம். கொழும்பில் தமிழும் சிங்களமும் பேசும் ஆள் கிடைக்காமல் தேடுகிற வங்கிகளும் வைத்தியசாலைகளும் தொலைபேசிச் சேவைகளும் இருக்கின்றன. நீங்கள் சாதாரணமாக நினைப்பது அவர்களுக்கு அருமையான பொருள்.

தமிழில் தட்டச்சு செய்தால் யுனிகோட்டில் செய்யுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த பைலை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழே வராது, ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பைபோல் தெரியும். அப்படி வந்த எத்தனையோ விண்ணப்பங்களை வாசிக்க முடியாமலே மூடியிருக்கிறேன். எந்த மொழியானாலும் கடைசியில் பீடிஎப் ஆக்கி, வேறொருவரின் போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

போட்டோ, சமயம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் போட வேண்டுமா?

போட்டோ கேட்டால் மட்டும் போடுங்கள். கல்யாண வீட்டுப் படத்தை வெட்டி ஒட்டாமல், ஸ்டூடியோவில் எடுத்த படமாக இருக்கட்டும். இனம், சமயம், தகப்பனின் தொழில் ஒன்றும் தனியார் சீவிக்குத் தேவையில்லை, நான் எல்லாருடையதிலும் வெட்டிவிடுகிறேன்.

அடையாள அட்டை இலக்கத்தில் கவனம் வேண்டும். அந்த இலக்கத்திலேயே நீங்கள் பிறந்த வருடமும் நாளும் ஆணா பெண்ணா என்பதும் இருக்கின்றன. தெரிந்த நிறுவனம் படிவத்தில் கேட்டால் கொடுக்கலாம். பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வரும் முகம் தெரியாத விளம்பரத்துக்கு அட்டையின் படத்தை அனுப்பாதீர்கள். "பதிவுக் கட்டணம்", "யூனிபோர்ம் காசு" என்று வேலைக்கு முன்பே பணம் கேட்டால் அங்கே வேலை இல்லை என்று அர்த்தம். வெளிநாட்டு வேலை என்றால் முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்டுவிட்டே கடவுச்சீட்டைக் கையில் எடுங்கள். எங்கள் வீடுகளிலிருந்து போன பெண்கள் எத்தனை பேர் ஏமாந்து திரும்பினார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அரச வேலைக்கும் இதே சீவியை அனுப்பலாமா?

முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் வெளிவரும் வர்த்தமானியில் அறிவித்தலோடு மாதிரி விண்ணப்பப் படிவமும் இருக்கும். அதே ஒழுங்கில், அதே இலக்க வரிசையில் நிரப்ப வேண்டும், இணையத்தில் என்று சொல்லியிருந்தால் இணையத்தில். முடிவுத் திகதியில் உங்கள் வயது எத்தனை என்பதைக் கணக்கிட்டு எழுதச் சொல்வார்கள், அதில் பலர் பிழை விடுகிறார்கள். கையொப்பத்தை உறுதிப்படுத்தக் கேட்டிருந்தால் அதையும் மறக்க வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பி, பதவியின் பெயரை உறையின் இடது பக்க மேல் மூலையில் எழுதி, தபால் கந்தோர் தரும் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லா இடத்துக்கும் ஒரே சீவியை அனுப்பினால் என்ன?

ஐம்பது பிரதி போட்டோக் கொப்பி எடுத்து வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். ஐம்பதும் வீண் போகாமல் இருக்க வேண்டுமானால், விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் கேட்கும் சொற்களின் கீழே கோடு போடுங்கள். காசாளர் என்றால் காசு கையாண்ட வரி மேலே வரட்டும். ஹோட்டல் என்றால் மொழியும் ஆட்களோடு பழகியதும் மேலே. தாள் அதுதான், வரிகளின் வரிசைதான் மாறுகிறது. பத்து நிமிட வேலை.

மின்னஞ்சலில் என்ன எழுதி அனுப்புவது?

வெறும் பைலை மட்டும் அனுப்பாதீர்கள். முகவரி உங்கள் பெயரில் இருக்க வேண்டும், நடிகர் பெயரிலும் காதல் பெயரிலும் வேண்டாம். பைலுக்கும் உங்கள் பெயரும் பதவியின் பெயரும் வையுங்கள், "நியூ பைல் 3" என்று வந்தால் அது யாருடையது என்று தெரியாமல் தொலைந்துபோகும். கடிதம் இவ்வளவு போதும்:

"வணக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்த காசாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். இரண்டு வருடமாக 64 குடும்பங்கள் உள்ள சங்கமொன்றின் கணக்கைக் கவனித்து வருகிறேன். தமிழும் சிங்களமும் பேசுவேன். சீவி இணைத்துள்ளேன். எந்த நாளிலும் நேர்முகத்துக்கு வரலாம், முதல் நாள் அறிவித்தால் போதும்."

"முதல் நாள் அறிவித்தால் போதும்" என்பதை விட்டுவிடாதீர்கள். காலையில் கூப்பிட்டுப் பகல் வரச் சொல்பவர்களுக்கு, ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வர எத்தனை மணித்தியாலம் போகும் என்பது தெரியாது.

லயத்தில் சிக்னல் இல்லை. கூப்பிடும்போது போன் வேலை செய்யாவிட்டால்?

இரண்டு இலக்கம் போடுங்கள். இரண்டாவது வேறு நெட்வேர்க்காக, சிக்னல் உள்ள இடத்தில் இருப்பவருடையதாக இருக்கட்டும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: யார் பேசுகிறார்கள், எந்த இடம், என்ன திகதி, எத்தனை மணி, இந்த நான்கையும் கேட்க வேண்டும் என்று.

மஸ்கெலியாவுக்கு மேலே இருந்து வரும் ஒரு தம்பி இரண்டாவது இலக்கமாக அவருடைய அப்பாவின் போனைப் போட்டிருந்தார். அழைப்பு வந்த நேரம் அப்பா மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. "கொஞ்சம் இருங்க சேர், வச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடியே கீழே கணக்குப்பிள்ளையிடம் ஓடியிருக்கிறார். ஆள் வரவு பதியும் பெரட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த துண்டில் கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்ததை அந்தத் தம்பி என்னிடம் காட்டினார்: புதன், காலை ஒன்பது மணி, இரண்டாம் மாடி, அசல் சான்றிதழ் கொண்டுவரவும். செவ்வாய் இரவு பஸ்ஸில் ஏறினார்.